களிமண்ணா மாணவன்?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வோர், கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் வார்க்கின்றனர். ஈரம் வற்றியதும் அச்சைப் பிரிக்கின்றனர். சூளை அதனை இறுக்குகிறது. நூறு வார்த்தால் நூறும் ஒரே முகம்!

அந்த மண்ணின் அருகே, கம்மாபுரம் வட்டாரத்தில் பள்ளி விழா மேடையேறுவோர்க்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை. மாணவன் களிமண், ஆசிரியர் கைவினைஞர், ஒழுக்கம் அச்சு என்று முடித்துவிடலாம், கைத்தட்டலும் கிடைக்கும். ஒழுக்கம் என்பது யாது என்று கேட்டால், அடக்கம் என்பர், பணிவு என்பர், பெரியோர் சொல்லைத் தட்டாமை என்பர்.

நாம் கேட்கிறோம்: பெரியோர் சொல்வது தீது எனில்?

'மாட்டேன்' என்று சொல்லக் களிமண்ணால் ஆகாது. மாணவனால் ஆகும். அந்த ஒரு சொல்லிலேதான் ஒழுக்கம் பிறக்கிறது என்பது நம் கருத்து. இதைக் கேட்டதும், "ஐயையோ, பிள்ளைகளைக் கெடுக்கிறார்களே!" என்று பதறுவோர் உண்டு. பழைய பதற்றந்தான் அது. இளைஞரைக் கெடுத்தான் என்று சொல்லித்தானே கி.மு. 399-இல் சாக்ரடீசுக்கு ஏதென்சு நகரத்தார் நஞ்சு கொடுத்தனர்!

2023 ஆகஸ்ட் திங்களில் நாங்குநேரியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தன்னைத் துன்புறுத்தியோரைப் பற்றிப் பள்ளியில் சொன்னான், ஒடுக்கப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்த 12-ஆம் வகுப்பு மாணவன். இரவில் அவன் வீட்டிற்குள்ளேயே அரிவாள் புகுந்தது. தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பிடிபட்டவர்களோ உடன் படித்த மாணவர்கள்! அடக்கம் அறியாதவர்களா அவர்கள்? தெருவும் உறவும் ஊட்டியதை ஏன் என்று கேளாமல் விழுங்கியவர்கள்; சாதி அச்சிலே பழுதின்றி வார்க்கப்பட்டவர்கள். ஒருவன், ஒரே ஒருவன், "இது தகாது, நான் வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தால்? அந்தச் சொல்லை எந்தப் பாடவேளையில் அவனுக்குக் கற்றுக் கொடுத்தோம்?

அதே நெல்லைச் சீமையில்தான் சேரன்மாதேவி குருகுலம் இருந்தது. நாட்டுப்பற்றும் நல்லொழுக்கமும் வளர்க்க எழுந்த கூடம். அங்கே பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி! 1925 வாக்கில் தமிழகமே அதனைக் கண்டு கொதித்தது. வகுப்பிலே சொன்ன அறம் எதுவாயினும், இலை போட்ட இடத்தில் அது அழிந்து போயிற்று. பிள்ளைகளின் காதைவிடக் கண் கூர்மையானது.

நெல்லை தொலைவு என்று கம்மாபுரத்தார் ஆறுதல் கொள்ள வழியில்லை. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், 2003 ஜூலையில், சாதியைக் கடந்து மணந்த இருவரை ஊரார் பலர் கண்ணெதிரே நஞ்சூட்டிக் கொன்றனர். கொலையுண்ட இளைஞர் பொறியியல் பட்டதாரி. 2021-இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் காவல்துறையினர் இருவர். பொய்ச் சான்று புனைந்தவர்கள். அவர்கள் தண்டனையை 2025-இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. அவர்களும் பள்ளி கண்டவர்கள்தாமே! வாய்மை பற்றிய பாடத்துக்கு அவர்களும் விடை எழுதித்தானே தேறியிருப்பர்!

நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதிநாயகம் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம். பெயரின் அகர வரிசையில் மாணவரை அமர்த்துக. பள்ளிப் பெயர்களில் சாதி நீங்குக. அறநெறி வகுப்பு நடத்துக என்றது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. எழாவிட்டால்தான் வியப்பு! நம்மைக் கேட்டால், அறநெறி வகுப்பைவிட அந்த அகர வரிசைப் பலகையையே பெரிதாக மதிப்போம். ஓராண்டு தோளோடு தோள் உரச அமர்ந்தவன்மீது கைஓங்குமுன் அந்தக் கை சற்றேனும் தயங்கும்.

அறநெறி வகுப்பும் இருக்கட்டும். ஆனால் அங்கே வினா எழுப்பும் உரிமை யாருக்கு? கடைசிப் பலகையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ஐயா, சாதி கூடாது என்கிறீர்கள், உங்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழில் சாதிப்பட்டம் அச்சாகியிருந்ததே, ஏன்?" என்று கேட்கிறாள் என்று வையுங்கள். அடங்காதவள் என்று அவளை வெளியே நிறுத்துவாரா, விடை சொல்வாரா ஆசிரியர்?