வீதி யாருக்கு உரியது?

பொதுப் பொருளைத் தன்னுடையதென்று எண்ணுதல் மனிதனுக்கு எளிது; அன்றென ஒப்புக்கொள்ளுதலே அரிது. இவ்வுண்மையை யாம் அண்மையில் ஒரு வீதியில் நின்று கற்றோம்.

யாம் கிராணியாகப் பணிபுரியும் தோட்டத்தை அடுத்துள்ள சிறு நகரில், எம் தமையனார் குடியிருக்கும் வீதியின் முனையில், ஹோட்டல் ஒன்று கட்ட விண்ணப்பம் செய்யப்பட்டது. அறைகள் எண்பது, வண்டி நிறுத்த இடங்களோ முப்பது. எஞ்சிய வண்டிகள் தம் வாயிலில் வந்து நிற்கும் என வீட்டார் அஞ்சினர். ஹோட்டல் தரப்பார் ஆங்கிலத்தில் அளித்த அறிக்கையைப் படித்துச் சொல்லவும், நகராண்மைக் கழகத்திற்கு ஆட்சேப மனு வரையவும் எம்மை அழைத்தனர்.

அவர்தம் அச்சம் நியாயமானதே. தம் நிலத்தில் ஒதுக்க வேண்டிய இடத்தை அறைகளாக்கி வாடகை பெற்றுக்கொண்டு, பொது வீதியைத் தம் முற்றமாக்கிக் கொள்வது ஒருவகைக் கவர்தலேயாம். இலாபம் ஒருவர்க்கும் இடர் பலர்க்கும் ஆவதைச் சமத்துவம் பேசுவோர் பொறுத்தல் தகாது.

ஆயின், மனு எழுதுமுன் மாலையில் அவ்வீதியை ஒருமுறை நடந்து பார்த்தோம். வாயில்தோறும் பூந்தொட்டி, உடைந்த நாற்காலி, சிமெண்டு நிரப்பிய வாளி. ‘இவ்விடம் எனது’ என்று அவை வாய் திறவாமலே கூறின. பள்ளி விட்டு வந்த சிறுவர்கள் ஓரத்தில் இடமின்றி நடுவீதியில் நடந்தனர். எம் தமையனார் வாயிலிலும் ஒரு வாளி இருந்தது. அதனை அகற்றிவிட்டு அங்கேயே எம் வண்டியைப் பல்லாண்டு நிறுத்தி வந்தவர் யாமே என்பதையும் மறைப்பதற்கில்லை.

‘இது நெடுநாள் வழக்கம்’ என்பர். வழக்கம் உரிமையாகுமா? 1924-ஆம் ஆண்டில் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய பொது வீதிகளில் எல்லா மக்களும் நடக்க வேண்டுமென்றே கிளர்ச்சி எழுந்தது. அங்கும் தடுத்தோர் காட்டிய அரண் வழக்கமே. அக்கொடுமையும் ஒரு வாளியும் ஒன்றெனக் கூறோம். எனினும் வீதி நடப்போர் அனைவர்க்கும் பொது என்னும் நீதி இரண்டிடத்தும் ஒன்றே.

இந்நாட்டின் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம், உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களில், அண்டை நிலத்தின் உரிமையாளர்க்கு அறிவித்து, 21 நாட்களுக்குள் ஆட்சேபம் கூற வகை செய்கிறது. ‘உரிமையாளர்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். வாடகைக்குக் குடியிருப்போர்க்கும், நடந்து செல்லும் சிறுவர்க்கும், வண்டியற்ற ஏழைக்கும் அவ்வறிவிப்பு வருவதில்லை. ஆதலின், பேசும் வாய்ப்புப் பெற்றவன் அது பெறாதவர்க்காகவும் பேசக் கடமைப்பட்டவன்.

ஜப்பானில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம், மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதற்கு வீதிக்குப் புறத்தே இடமுண்டெனக் காட்ட வேண்டுமென விதித்தது. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இலவசமாக நிறுத்தும் இடம் உண்மையில் இலவசமன்று, அதன் விலையை வண்டியில்லாதவனும் செலுத்துகிறான் என்று வாதித்தார். ஹோட்டல்காரரை அளக்கும் கோலால் நம்மையும் அளத்தலே நேர்மை என்பது இவற்றால் விளங்கும்.

ஆகவே மனுவில் இரண்டு கோரிக்கைகளை எழுதினோம். ஹோட்டலுக்கு வரும் வண்டிகள் ஹோட்டல் நிலத்திலேயே நிற்க வேண்டும் என்பது ஒன்று. வீதியின் இருமருங்கும் நடைபாதை குறித்து, அதனை மறிக்கும் யாவற்றையும், எவருடையதாயினும், நீக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு அனைவரும் தலையசைத்தனர். இரண்டாவதைக் கண்டதும் சிலர் பேனாவைக் கீழே வைத்தனர். “நம் கண்ணை நாமே குத்திக்கொள்வதா, தம்பி?” என்றார் தமையனார். நெடுநேரம் யோசித்துப் பின் கையொப்பமிட்டார்.

மனு சென்றுவிட்டது, வாளியோ இன்னும் அங்கேயே இருக்கிறது. எம் வண்டியை மட்டும் யாம் இப்போது கடைத்தெருவில் காசு கொடுத்து நிறுத்திவிட்டு நடந்து செல்கிறோம். அயலானிடம் நாம் கேட்கும் நீதியை முதலில் நம் வாயிலில் நிறுத்தாமல், அதற்கு வலிமை எங்கிருந்து வரும்? அன்பர்கள் சிந்திப்பார்களாக.