ததீசியிடம் கேட்டார்கள்

முறிந்த எலும்பு கூடாவிட்டால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் வைப்பார்கள். தியேட்டர் நர்ஸாக இருந்த காலமெல்லாம் அதற்குத் தட்டு ஏந்தியவள் நான். மறுநாள் வார்டுக்குப் போனால், "காலு பரவால்ல சிஸ்டர், எலும்பு எடுத்த எடந்தான் உசிரு போகுது" என்பார்கள்.

அந்த வலி இல்லாமலே எலும்பு வைக்க வழி தேடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு என்னை விடவே இல்லை. மனித மஜ்ஜையின் ஸ்டெம் செல்களுக்குள் ஒரு மரண மரபணுவைப் புகுத்தினார்கள். அந்தச் செல்கள் ஆய்வுக்கூடத்தில் குருத்தெலும்பை நெய்து முடித்ததும் ஒரு மருந்தை ஊற்ற, அவை மடிந்தன. அவை விட்டுச்சென்ற நெசவில் வளர்ச்சிப் புரதங்கள் தங்கியிருந்தன. எலியின் உடம்பில் வைத்தபோது அது எலும்பாயிற்று. 2021இல் அங்கிருந்தே இன்னோர் ஆய்வு: எலும்பைத் தூண்டும் பிஎம்பி-2 புரதத்தைச் சுரக்கவும், ஓயாமல் பெருகவும் மாற்றப்பட்ட ஒரே செல் வரிசை. ஒருவரின் மஜ்ஜையிலிருந்து எத்தனையோ பேருக்கு எலும்பு!

"படைச்சவன் வேலையில கை வைக்கலாமாக்கா?" என்றான் தம்பி. தேவாரம் ஓதாமல் சாப்பிட உட்காராதவன். அவன் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1668இல் வெளியான டச்சு மருத்துவர் மீக்கரனின் நூலில் ஒரு ரஷ்யப் பிரபுவின் கதை வருகிறது. வாள்வெட்டில் பிளந்த மண்டையில் நாயின் எலும்பை வைத்துக் குணப்படுத்தினார்களாம். நாயெலும்பைச் சுமப்பவர் என்று திருச்சபை அவரை விலக்கிவிட்டது. உடம்பு ஏற்றுக்கொண்டதை மனிதர்கள் தீட்டு என்றார்கள். செல்லை மாற்றுவதைப் பாவம் என்பதும் எனக்கு அப்படித்தான் படுகிறது. நொந்த காலை நடக்க வைப்பது சிவனுக்கு விரோதமாகாது.

எனக்குள்ள கேள்வி வேறு. புராணக் கதையில், அசுரன் விருத்திரனைக் கொல்ல வச்சிராயுதம் வேண்டும், அதற்குத் ததீசி முனிவரின் எலும்பு வேண்டும். தேவர்கள் அவரிடமே போய்க் கேட்டார்கள். அவர் தம் விருப்பத்தால் உடலை நீத்தார். கேட்காமல் எடுத்திருந்தால் அது தானமே அல்ல, வெறும் கொலை.

1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து செல்களை எடுத்தவர்கள் அவரிடம் கேட்கவில்லை. அந்த ஆண்டே அவர் இறந்தார். அவருடைய செல்கள் உலகத்து ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

இன்று ஆய்வுக்குச் சம்மதம் எழுதி வாங்குவது விதி. ஆனால் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்துவதைக் கேட்டதாகக் கொள்ள மாட்டேன். முந்தின நாளே, வீட்டு மனிதர்கள் பக்கத்தில் இருக்க, அவர் பேசும் தமிழில் சொல்ல வேண்டும்: "உங்க மஜ்ஜையில கொஞ்சம் எடுப்போம். அதை மாத்துவோம். நீங்க போன பிறகும் அது வளரும், யாருக்கோ எலும்பாகும், ஒரு கம்பெனி அதை விக்கவும் செய்யலாம். வேண்டாம்னா சொல்லுங்க, உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது." அவர் வேண்டாம் என்றால், அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும்.