ஊழும் ஊன்றுகோலும்

சில திங்களுக்கு முன் எங்களூர்ச் சித்தாந்த வகுப்பிலே, சிவஞான சித்தியாரிற் கன்மத்தின் இயல்பு கூறும் பகுதியைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடியுந் தறுவாயில் ஓர் அன்பர் எழுந்து, "ஐயா, பிறவியிலேயே காது கேளாத குழந்தையும், அறிவு வளராத குழந்தையும் தத்தம் பழவினைப் பயனை நுகர்கின்றன என்பது நம் கொள்கை. அங்ஙனமாயின், அவர்கட்கென்று தனி ஆசிரியர், தனிக் கருவி, தேர்விற் சலுகை என்று கொடுப்பது, இறைவன் கூட்டிய பயனை இடைநின்று தடுப்பதாகாதா?" என்று வினவினார். வினவியவர் கொடியவரல்லர்; திருவிழாக்களுக்கு வாரி வழங்குபவர். பின்வரிசையில் ஓர் அம்மையார் இருந்தார். அவருடைய மகளுக்குச் செவிப்புலன் இல்லை. வினாவைக் கேட்டு அவர் தலை குனிந்ததை யான் கண்டேன். அன்று நேரமின்மையாற் சுருங்கச் சொல்லி முடித்தேன். அது போதாதென்று உள்ளம் உறுத்தியமையின் ஈண்டு எழுதலாயினேன்.

கன்மக் கொள்கையை நெகிழ்க்க யான் முற்படவில்லை. உடம்பும் கரணமும் உலகும் நுகர்ச்சியும் வினைக்கீடாக முதல்வனாற் கூட்டப்படுவன என்பதிற் சைவர்க்கு ஐயமில்லை. ஆயின், சஞ்சிதத்தினின்றும் எவ்வளவு பிராரத்தமாய் முகந்து கொள்ளப்பட்டது என்பதை அறிபவன் அவன் ஒருவனே. அடுத்த வீட்டார் அறியார். ஒரு குழந்தைக்குச் செவி கேளாமை வினைப்பயனாயின், அதற்கு ஒரு நல்லாசிரியர் வாய்த்தலும் வினைப்பயனே. துன்பம் மட்டும் ஊழால் வரும், உதவி ஊழுக்குப் புறம்பாய் வரும் என்பது எந்நூல் வழக்கோ அறியேன். நம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஊழென்றிராது மருத்துவரிடம் ஓடுகின்றோம். பிறர் பிள்ளை என்றவிடத்தேதான் கன்மவியல் நம் நினைவுக்கு வருகின்றது! உதவ இயன்றும் உதவாது விட்டவனுக்கு அவ்விடுத்தலே ஆகாமியமாய் ஏறும் என்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம்.

நம்பியாரூரர் வரலாற்றை நோக்குக. திருவொற்றியூரிலே சங்கிலியார்க்குச் செய்து கொடுத்த சூளுறவைக் கடந்து எல்லை நீங்கியவுடன் அவர் இரு கண்ணும் இழந்தார். நம் தெருக் குழந்தையின் குறைக்குக் காரணமான வினை யாதென்று ஒருவரும் அறியார். இவர் கண்ணிழந்த காரணமோ உலகறிந்தது. அங்ஙனமிருந்தும், திருவெண்பாக்கத்திலே பெருமான் அவருக்கு ஊன்றுகோல் ஒன்று அளித்தருளினார். கண் அன்று வரவில்லை. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் பின்னரே கிடைத்தன. வினைப்பயனை ஊட்டும் முதல்வனே, அப்பயன் கழியுமுன் கோலையும் கொடுத்தான் எனின், பயனை நுகர்வித்தலும் துணை நல்குதலும் தம்முள் மாறுபடா என்பது பெறப்படும். "நீ செய்த பிழைக்கு இது தகும், தடவிக்கொண்டு போ" என்று அவன் சொல்லவில்லை, அதனைச் சொல்ல நாம் யார்? கண் வேண்டி நின்றவர் கோலைப் பெற்றபோது மகிழ்ந்தாரில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. குழந்தைக்குச் செவி திறக்க வேண்டுமென்று நேர்ந்துகொண்ட பெற்றோரிடம் காதில் மாட்டுங் கருவியைக் கொடுத்தால், அவர்கள் முகமும் அப்படித்தான் வாடும்.

இனி, உயிரின் இயல்பை நோக்கினும் இதுவே பெறப்படும். கேவல நிலையில் ஆணவ இருளுட் கிடந்த உயிர் ஒன்றையும் அறியாது, விழையாது, செய்யாது. அதற்கு இரங்கிய இறைவன் மாயையினின்றும் உடலும் கருவியும் ஆக்கிக் கொடுத்து அறியச் செய்தான். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டாயினும் ஞாயிற்றின் ஒளியின்றிக் காணமாட்டாதவாறு போல, உயிரும் அவன் காட்டியன்றிக் காணாது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று நம் ஆசிரியர்கள் விரித்த இதனை மாணவர்க்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! துணையின்றித் தானே அறியும் உயிர் ஒன்றுமில்லை என்பதன்றோ இதன் பொருள்? நமக்குக் கிடைத்த துணைகள் பலர்க்கும் பொதுவாயினமையின் அவற்றை நம் இயல்பென்று எண்ணிக்கொள்கின்றோம். மூக்குக்கண்ணாடியின்றி இக்கட்டுரையின் அச்சுப்படியை யான் திருத்தவியலாது. அதனைச் சலுகையென்று எவரும் சொன்னதில்லை. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையிடத்தும் குறை அந்தக்கரணத்தின்பாலதேயன்றி உயிரின்பாலதன்று. ஆணவம் நம்மை மறைத்த அளவு அதனையும் மறைத்தது. நமக்கு மட்டும் குறைவாக மறைக்கவில்லை.

இவ்வளவும் எழுதுகின்ற யான் செய்ததையும் சொல்லவேண்டும். ஏறத்தாழ முப்பதாண்டுகட்கு முன் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாயிருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். பதிகத்தை ஒருமுறை கேட்டாற் பண் பிழையாது திருப்பிச் சொல்வான். எழுதச் சொன்னால், பகரத்திற்கும் டகரத்திற்கும் வேறுபாடு காணான், ஒற்று விழும், வரி மாறும். சோம்பலால் ஏமாற்றுகின்றான் என்றே துணிந்தேன். பலநாள் வெயிலில் நிறுத்தினேன், பிரம்பும் எடுத்தேன். அவன் தாய் வந்து அழுதபோது, "எழுத்து வரும் என்று அவன் தலையில் எழுதவில்லை அம்மா, ஊழை யார் வெல்வார்?" என்று சொல்லி அனுப்பினேன். எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். அதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயருண்டு என்பதும், தனி முறையிற் பயிற்றினால் அத்தகையோரும் படிப்பர் என்பதும் பிற்பாடே அறிந்தேன். 1995-ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கணக்கிட்டது, அவற்றுள் இஃதில்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டம் அவ்வேழினை 21 ஆக விரித்தபோது இதனையும் சேர்த்தது. சட்டம் அறியாதிருந்ததை எனக்குப் புகலாகக் கொள்ளமாட்டேன். அவன் செவிவழியே கற்றதை நாள்தோறும் கேட்டிருந்தவன் யான்.

நிற்க. அவ்வம்மையாரைப் போன்ற பெற்றோர் நாடுவது அருட்கொடையன்று. 2016-இல் இயற்றப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, குறைபாடு நூற்றுக்கு 40-க்குக் குறையாத, 6 முதல் 18 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தையும் அண்மைப் பள்ளியிலாயினும் தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலாயினும் கட்டணமின்றிக் கற்கும் உரிமையுடையது. கல்வியுரிமைச் சட்டத்திற்கு 2012-இற் செய்யப்பட்ட திருத்தம், கடுங்குறைபாடுடைய குழந்தை வீட்டிலிருந்தே கற்கவும் வழி செய்தது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் 10 பேருக்கு ஒருவரும், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவரும் சிறப்பாசிரியர் வேண்டுமென்று 2021-இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஒரே சிறப்பாசிரியர் பல பள்ளிகளைச் சுற்றி வருதலையோ நாம் காண்கின்றோம்.

உரிமை ஏட்டில் இருந்தாற் போதுமா? அரசு மருத்துவமனையிற் சான்றிதழ் பெறவேண்டும். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும். வட்டார வள மையத்திற் பதியவேண்டும். பொதுத்தேர்விற் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் வேண்டின் அவற்றையும் முன்னரே எழுதிக் கேட்கவேண்டும். பள்ளி சேர்க்க மறுத்தால் மாநில ஆணையர்க்கு முறையிடலாம் என்பது எத்துணைத் தாய்மார்க்குத் தெரியும்? அவ்வம்மையார் ஒரு கையெழுத்திற்காக மூன்று நாட் கூலியை இழந்தார். எழுத்தறிந்த ஒருவர் உடன் சென்றிருப்பின் ஒருநாளில் முடிந்திருக்கும். உழவாரப் பணிக்கு ஞாயிறுதோறும் திரளும் நம் அன்பர்களில் இருவர், வேலைநாளொன்றில் இப்பணிக்குச் செல்லலாகாதா? பாளையங்கோட்டையிற் பார்வையற்றோர்க்கும் செவிகேளார்க்கும் கிறித்துவத் தொண்டர்கள் பள்ளி நிறுவி நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. நம் மடங்கள் ஏட்டையும் அன்னத்தையும் காத்தன. இதனைப் பெரிதும் எண்ணவில்லை. எனக்குச் சோறும் எழுத்தும் தந்தது மடமே. ஆதலின் இக்குறையைச் சொல்லும் உரிமையும் எனக்குண்டு.

இங்கே பெற்றோர்க்கும் ஒன்று சொல்லவேண்டியுளது. மூன்று வயதாகியும் பேசாத குழந்தையைப் பற்றிக் கேட்டால், "குமரகுருபர அடிகளும் ஐந்து வயது வரை பேசவில்லையே" என்று விடையிறுப்பாரைக் கண்டிருக்கின்றேன். திருச்செந்தூர் முருகன் அருளை யான் மறுப்பேனல்லேன். ஆயினும், செவி கேளாமையாற் பேசாத குழந்தைக்கு மொழி வரவேண்டின் முதலாண்டுகளே தலையாயவை. அவற்றைக் காத்திருந்தே கழித்தல் தகாது. நேர்த்திக்கடன் ஒருபுறம் இருக்க, செவியைச் சோதித்தலும் உடன் நிகழ்க. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல.

தேர்விற் கூடுதல் நேரம் கொடுத்தல் மற்றையோர்க்கு அநீதியன்றோ என்பார்க்குத் தண்டியடிகளை நினைவூட்டுவேன். பிறவியிலேயே கண்ணிலாத அவர் திருவாரூர்க் குளத்தைத் தோண்டுதற்கு, உள்ளும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். குளத்தைத் தோண்டியவர் அவர்தாம், கயிறு தோண்டவில்லை. கயிற்றைப் பற்றினார் என்பதற்காக அவர் தொண்டிற் பாதியை எவரும் கழித்ததில்லை. மண் அகழுங் கருவியைப் பறித்துத் தறிகளைப் பிடுங்கியவர்களையே சேக்கிழார் பழித்தார். பெருமான் கண் தந்தது அதன் பின்னர் நிகழ்ந்தது. நெடுநாள் அத்தொண்டு நடந்தது கயிற்றினால்.

என் மாணவன் இன்று நாற்பது கடந்தவன். பக்கத்தூர் அரவை ஆலையில் வேலை செய்கின்றான். சென்ற மார்கழியிற் கோயிலில் ஏடு பாராமல் திருப்பள்ளியெழுச்சி முழுவதும் பாடினான். பாடி முடித்து என்னை வணங்கி, "ஐயா, என் மகனுக்கும் எழுத்து வரவில்லை, வாத்தியார் அடிக்கிறார். பள்ளியில் வந்து ஒரு சொல் சொல்வீர்களா?" என்று கேட்டான். திங்கட்கிழமை வருகின்றேன் என்றேன்.