நிலையைப் பெயர்த்தெடு!

தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு 'எழுந்து நில்' என்று சொல்லாமல் பேனா ஓடாது. பார்க்கின்சன் நோய் கால்களைப் பிடித்துக்கொண்டவரிடம், தசைச்சிதைவோடு வளரும் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்! நான் அப்படிச் சொல்லமாட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போடு. கொத்தனாரை வரச் சொல்.

உன்னை அறைக்குள் அடைத்திருப்பது நோய் மட்டும்தானா? குளியலறை வாசலைப் பார். இரண்டரை அடி நிலை. சட்டம் போக மிஞ்சும் இடைவெளியில் சக்கர நாற்காலி திணறுகிறது. ராத்திரி யாரையாவது எழுப்ப வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் படுக்கிறாயே, அந்தக் கூச்சத்தை உனக்குத் தந்தது ஒரு மரச்சட்டம். பெயர்த்தெடு! மூன்றடி நிலை வை. கமோடு அருகே சுவரில் ஆழ ஊன்றிய கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை. முதல் காசு அங்கேதான் போக வேண்டும். கூடத்துப் பெயின்ட் காத்திருக்கட்டும். வாசல் ஓரடி உயரமா? சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று மேஸ்திரி நாலடியில் செங்குத்தாக முடிக்கப் பார்ப்பார். விடாதே, வளைத்துப் போடச் சொல். வாஸ்து பேச வரும் உறவினரை ஒரு பொழுது உன் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றச் சொல்.

'உனக்காக இவ்வளவா?' என்று யாராவது முனகினால் தலை குனியாதே. உன்னைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன அம்மாவுக்கும் சேர்த்துத்தான் இந்தச் செலவு.

பணத்துக்கு வழி? சொந்த வீடென்றால் பழுதுபார்க்க வங்கிக் கடன் உண்டு, கந்துவட்டிக்காரனிடம் போகாதே. வாடகை வீடென்றால் கழற்றி எடுத்துப்போகும் சாய்தளம் போதும். புது வீடென்றால், தமிழக அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. ஆணை கைக்கு வந்ததும், கடைக்கால் தோண்டும் முன்பே அகல நிலை கேள். பிறகு இடித்தால் செலவு ஏறும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன், தசைச்சிதைவு உட்பட 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடும் அதில் உண்டு. அது பிச்சையல்ல, உன் பங்கு! அடையாள அட்டை இல்லையா? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு இந்த வாரமே போ. அங்கே சாய்தளம் சரியில்லை என்றால், அதையும் சேர்த்துக் கேள்.