குமாஸ்தாவுக்கு யார் பாடம் எடுப்பது?

2024 ஜூன் 30 வரை கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஒரு கிரிமினல் மனுவின் தலைப்பில் 482 என்று இருந்தால், வழக்கையே ரத்து செய்யக் கேட்டு வந்த மனு என்று எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடும். மறுநாள் காலையிலிருந்து அதே 482 முன்ஜாமீனுக்கு உரிய எண் ஆகிவிட்டது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விலகி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்ததில், முன்ஜாமீன் 438-லிருந்து 482-க்குக் குடிபெயர்ந்தது. ரத்து மனு 528-க்குப் போனது. பெங்களூரில் இரண்டு வகை மனுவுக்கும் கிரிமினல் பெட்டிஷன் என்ற ஒரே வரிசையில்தான் எண் விழும். ஆகவே எது எந்த மனு என்று முதலில் காட்டிக்கொடுப்பது தலைப்பில் உள்ள பிரிவு எண். அந்தத் தலைப்பைத் தட்டச்சு செய்பவர் பெரும்பாலும் வக்கீலின் குமாஸ்தா.

சட்டம் மாறியபோது நீதிபதிகளுக்குப் பயிற்சி நடந்தது, போலீஸாருக்கு நடந்தது, வக்கீல்களுக்குக் கருத்தரங்குகள் நடந்தன. குமாஸ்தாக்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், பழைய எண் ஒரு பத்தியிலும் புதிய எண் ஒரு பத்தியிலும் போட்ட அட்டவணையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. அட்டவணை பாதிதான் உதவும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதற்குப் பின் நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா. மோசடி என்றால் கை தானாக 420 என்று அடிக்கும். குற்றம் நடந்த தேதியைப் பார்த்துவிட்டு 420-ஆ, 318(4)-ஆ என்று முடிவு செய்ய வேண்டும். நிலுவையில் இருந்த வழக்குகளின் நடைமுறைக்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 531-ஆம் பிரிவு தனிக்கணக்கு வைத்திருக்கிறது. இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் பிடிபடும்.

சட்டத் துறையின் துணைப் பணியாளர்கள் என்று பேசும்போது பெங்களூரில் மூன்று வகை ஆட்கள் கண்முன் வருகிறார்கள். மூவரும் ஒருவரையொருவர் அறிய மாட்டார்கள். கே.ஜி. ரோட்டு சிட்டி சிவில் கோர்ட்டிலும் மேயோ ஹாலிலும் கட்டுக்களைச் சுமந்து பைலிங் கவுன்ட்டருக்கும் காப்பி செக்‌ஷனுக்கும் நடையாய் நடக்கும் வக்கீல் குமாஸ்தாக்கள், டைப்பிஸ்ட்டுகள் முதல் வகை. கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து லண்டன், நியூயார்க் நிறுவனங்களின் ஒப்பந்தங்களைச் சலிக்கும் இளைஞர்கள் இரண்டாம் வகை; பணி அட்டையில் பாராலீகல், அனலிஸ்ட், அசோசியேட் என்று எது வேண்டுமானாலும் இருக்கும். மூன்றாவது வகையினர், சித்தய்யா ரோட்டில் ‘நியாய தேகுல’ கட்டடத்தில் இருக்கும் கர்நாடக மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ் வேலை செய்யும் சட்டத் தன்னார்வலர்கள். சான்றிதழ் என்ற சொல் இந்த மூவருக்கும் மூன்று விதமாகக் கேட்கும்.

அதற்கு முன் சட்டம் போட்டிருக்கும் வேலியைப் பார்த்துவிடுவோம். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், தன் 29-ஆம் பிரிவில், சட்டத் தொழில் செய்யும் உரிமை பெற்ற ஒரே வகுப்பினர் வழக்கறிஞர்களே என்கிறது. மீறி நீதிமன்றத்தில் தொழில் செய்பவருக்கு 45-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. குறிப்பிட்ட ஒரு வழக்கில் வழக்கறிஞர் அல்லாத ஒருவரைத் தன் முன் ஆஜராக நீதிமன்றம் அனுமதிக்கலாம்; அது 32-ஆம் பிரிவு தரும் சிறு சந்து. இந்தச் சட்டத்தில் பாராலீகல் என்று ஒரு தொழில் கிடையாது. பதிவு, உரிமம், தேர்வு எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் மட்டும் கொஞ்சம் முறை இருக்கிறது. அங்கே பதிவு பெற்ற வழக்கறிஞராக விரும்புகிறவர், பதிவான ஒரு மாதத்துக்குள் பதிவு பெற்ற குமாஸ்தா ஒருவரை அமர்த்துவதாக உறுதி தர வேண்டும்.

கண்ணாடிக் கட்டடத்து வேலைக்கும் இந்த வேலி பொருந்துமா என்ற கேள்வி சென்னையில்தான் எழுந்தது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களை எதிர்த்து ஏ.கே. பாலாஜி தொடுத்த வழக்கில் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், தட்டச்சு, செயலர் உதவி, ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, மெய்ப்புப் பார்ப்பது போன்ற சேவைகளைச் செய்யும் பி.பி.ஓ. நிறுவனங்கள் வழக்கறிஞர் சட்டத்துக்குள் வராது என்றது. மேல்முறையீட்டில் 2018 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சற்று இறுக்கியது: சேவைக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் அதன் சாரம் சட்டத் தொழிலாக இருந்தால் சட்டம் பாயும். துணைப் பணியாளர் பயிற்சியின் முதல் பாடமே இதுவாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ‘கேஸ் ஜெயிக்குமா சார்?’ என்று வராந்தாவில் கேட்கும் கட்சிக்காரரிடம் அடுத்த தேதியைச் சொல்லலாம், எந்தக் காகிதம் குறைகிறது என்று சொல்லலாம். அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. இருபது வருஷம் பழுத்த குமாஸ்தாவுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு கஷ்டம்; அவருக்குப் பதில் தெரியும்!

இனி சான்றிதழ்கள். ஆகப் பழையது தட்டச்சும் சுருக்கெழுத்தும். தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளைப் போல, கர்நாடகத்தில் பள்ளித் தேர்வு வாரியம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஜூனியர், சீனியர் தேர்வுகளை நடத்துகிறது. இந்தச் சான்றிதழைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. மூன்று வகையிலும் சோதித்துப் பார்க்கக்கூடிய திறமைக்குத் தரப்படும் சான்றிதழ் இது ஒன்றுதான். பெங்களூரின் கீழமை நீதிமன்றங்களில் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து புழங்குவதால், நுடி மென்பொருளில் கன்னடமும் கூடவே ஆங்கிலமும் அடிக்கத் தெரிந்தவருக்கு வேலை கிடைப்பதில் சிரமமில்லை.

இக்னோ பாராலீகல் பணிக்கென்றே ஒரு டிப்ளமா வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் சேரலாம், அஞ்சல் வழியில் குறைந்தது ஓராண்டு. நாகரபாவியில் உள்ள நேஷனல் லா ஸ்கூல், அதாவது என்.ஆர். மாதவ மேனன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த பல்கலைக்கழகம், தொலைநிலை வழியில் மனித உரிமை, மருத்துவச் சட்டம், நுகர்வோர் சட்டம், சைபர் சட்டம் என்று முதுநிலை டிப்ளமாக்கள் தந்துவருகிறது. அதற்குப் பட்டதாரியாக இருக்க வேண்டும். கார்ப்பரேட் அலுவலகத்து இளைஞருக்கு இது சம்பள உயர்வுப் பேச்சில் பயன்படும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் தரவுச் சட்டம் படித்தவருக்கு மதிப்பும் கூடியிருக்கிறது. பத்தாம் வகுப்போடு கோர்ட்டுக்கு வந்து முப்பது வருஷம் ஓட்டியவருக்கு அந்த வாசல் திறக்காது. அவர் வேலையை அன்றாடம் உலுக்குகிற மாற்றங்கள் எந்த டிப்ளமாவின் பாடத்திட்டத்திலும் உடனுக்குடன் ஏறுவதும் இல்லை. பத்திரப் பதிவு 2023-இல் காவேரி 2.0 என்ற மென்பொருளுக்கு மாறியது, 2024 அக்டோபரில் சொத்துப் பதிவுக்கு இ-காத்தா கட்டாயமானது. எந்தப் பாடநூலும் அதற்குள் அச்சாகியிருக்காது.

தன்னார்வலர்களின் கதை வேறு. அதற்கு வேர் நீளம். 1973-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு இலவசச் சட்ட உதவி பற்றி அறிக்கை தந்தது. 1976-இல் 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39ஏ பிரிவைச் சேர்த்தது. 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறி, எட்டு வருஷம் தூங்கி, 1995 நவம்பர் 9 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. 2009-இல் தேசிய ஆணைக்குழு சட்டத் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், மாணவர்கள் என யாரும் வரலாம். நீண்டகாலத் தண்டனை அனுபவிக்கும் படித்த கைதிகளுக்குக்கூட இடமுண்டு. பயிற்சி தந்து, அடையாள அட்டை கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது, வேலை செய்த நாளுக்கு மதிப்பூதியம் மட்டும். 2013 மே மாதம் பச்பன் பச்சாவ் ஆந்தோலன் வழக்கில், காணாமல் போன குழந்தைகள் பற்றிய புகார்கள் ஒழுங்காகப் பதிவாகின்றனவா என்று கண்காணிக்கத் தன்னார்வலர்களைக் காவல் நிலையங்களில் முறை வைத்து அமர்த்தும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது.

சாதாரண மனிதர் ஒருவரைக் காவல் நிலையத்துக்குள் இன்னொரு சாதாரண மனிதருக்காக உட்காரவைப்பது லேசான காரியமில்லை. அவருக்குத் தேவையான அறிவும் தடித்த புத்தகத்தில் கிடைக்காது. எந்தப் புகாருக்கு முதல் தகவல் அறிக்கை கட்டாயம், அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம், அதிகாரி மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், பெங்களூரில் என்றால் டி.சி.பி.க்கு எழுதலாம், யாருக்கு இலவச வக்கீல் கிடைக்கும் என்பன போன்ற பத்துப் பதினைந்து விஷயங்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் என்றால் அதைத் தமிழில் சொல்லத் தெரிய வேண்டும். கன்னடத்தில் வந்த சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் கட்டடத் தொழிலாளிக்கு, அவரை அழைத்திருப்பது குற்றம் சாட்டப்பட்டவராகவா சாட்சியாகவா என்று சொல்லிவிட்டாலே பாதி உயிர் திரும்பும். தொடக்கப் பயிற்சியில் இதெல்லாம் வந்துவிடுகிறது. புத்தாக்கப் பயிற்சி என்று திட்டத்தில் எழுதியிருப்பது ஒழுங்காக நடந்தால்தான் 2024-க்கு முன் கற்றவர் பழைய எண்களையே சொல்லிக்கொண்டு திரியமாட்டார்.

தொடர்கல்வி என்று எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் உதாரணம். சிட்டி சிவில் கோர்ட்டில் மார்ச் 1 அன்று தீர்ப்பு. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள். மே 30 வரை. சான்றிட்ட நகலுக்கு மார்ச் 10 அன்று விண்ணப்பம் போட்டார்கள். நகல் ஏப்ரல் 5 அன்று தயார். குமாஸ்தா போய் வாங்கியது ஏப்ரல் 20. காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. எதுவரை கழிப்பது? நகல் தயாரான நாள் வரைதான்: 27 நாள். கெடு ஜூன் 26. வாங்கிய நாள் வரை எண்ணுகிறவர் 42 நாள் கழித்து ஜூலை 11 என்று டைரியில் குறிப்பார். அந்தப் பதினைந்து நாள், கட்சிக்காரரின் வீடோ நிலமோ தொங்கும் கயிறு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும். மன்னிப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம். இந்த மூன்று தேதிகளையும் நகலிலேயே முத்திரை குத்தித்தான் தருகிறார்கள். பார்க்கச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று, புதிதாக வந்தது. வாட்ஸ்அப் உரையாடலையோ சிசிடிவி காட்சியையோ சாட்சியமாகத் தாக்கல் செய்ய முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்று. இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் படிவமே இருக்கிறது: பகுதி ஏ தாக்கல் செய்பவருக்கு, பகுதி பி நிபுணருக்கு. இரண்டிலும் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும், எஸ்.எச்.ஏ.256 போன்ற எந்த முறையில் எடுத்தது என்றும் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் முழுதாக மாறிவிடும். ஆகவே ஹாஷ் எடுத்த பிறகு வீடியோவைச் சுருக்கி வேறு பென்டிரைவில் ஏற்றினால் சான்று வேறு, கோப்பு வேறு என்றாகும். மனு எழுதிய வக்கீல் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், பென்டிரைவைக் கையாள்வது அவர் ஆபீஸ் பையன். அவனுக்கு ஹாஷ் என்றால் என்னவென்று சொன்னவர் யார்?

கனடாவின் ஒண்டாரியோவில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. 2007 முதல் அங்கே பாராலீகல் உரிமம் பெற்ற தொழில். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அதே சட்டச் சங்கம்தான் இவர்களையும் கட்டுப்படுத்துகிறது. சிறு தொகை வழக்கு, போக்குவரத்துக் குற்றம், வாடகைத் தகராறு ஆகியவற்றில் அவர்களே ஆஜராகலாம். ஸ்காபரோ பக்கம் தமிழ்ப் பெயர்ப் பலகைகளோடு இத்தொழிலில் இருப்பவர்கள் உண்டு. விலையும் உண்டு: ஆண்டுக்கு 12 மணி நேரம் தொடர்கல்வி, அதில் 3 மணி நேரம் தொழில் ஒழுக்கம். முடிக்காதவரின் உரிமம் நிறுத்திவைக்கப்படலாம். அமெரிக்காவில் அரசு உரிமம் பொதுவாக இல்லை; ஆனாலும் நாலா என்ற பாராலீகல் தொழில்முறைச் சங்கத்தின் சான்று பெற்றவர் அதைத் தக்கவைக்க ஐந்தாண்டில் 50 மணி நேரம் படித்தாக வேண்டும்.

இந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து நட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. லட்சக்கணக்கில் வக்கீல்கள் இருக்கும் நாட்டில், அவர்களுக்கே கட்டாயத் தொடர்கல்வி இல்லாதபோது, குமாஸ்தாவுக்கு உரிமத் தேர்வு வைத்தால் கோச்சிங் சென்டர்கள்தான் செழிக்கும். இப்போதைக்குக் கைக்கு எட்டுவது சின்ன ஏற்பாடு. மே மாதத்தை ஒட்டி வரும் கோடை விடுமுறையில் சிவில் கோர்ட் வளாகம் காலியாகக் கிடக்கும். பைலிங் பிரிவில் மனுக்களின் குறைகளைக் குறித்து அனுப்புகிற அலுவலரே ஆசிரியராக வரலாம். எந்தத் தப்பு அடிக்கடி வருகிறது என்பது அவரைவிட யாருக்கும் தெரியாது. வாரம் இரண்டு மாலை, கன்னடத்திலும் தமிழிலும். சான்றிதழ் தராவிட்டாலும் ஆள் வருவார்கள், கோர்ட் மூடியிருக்கும் மாதத்துச் சம்பளத்தை வக்கீல்கள் பிடித்துக்கொள்ளாமல் இருந்தால்.