மறைக்க வேண்டியதும் மறைக்கலாகாததும்

மறைத்தல் என்னும் சொல்லுக்கு மக்கள் வழக்கில் நற்பெயர் இல்லை. ஒளிவு மறைவு அற்றவர் என்பது புகழுரை. எதையோ மறைக்கிறார் என்பது பழிச்சொல். அவ்வாறாயின், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைப் பெற்ற பிள்ளையிடமும் கூறலாகாது என்று வங்கிகள் அறிவுறுத்துவது அன்புக்கு மாறானதன்றோ? எளிய மக்கள் உள்ளத்தில் எழும் இவ்வினா எள்ளி நகைக்கத்தக்கதன்று. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

மலாக்கா மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த பழைய தலைமுறையினருள் எழுத்தறியாதோர் பலர். ஊரிலிருந்து வந்த கடிதமாயினும், அஞ்சலகச் சேமிப்புப் புத்தகமாயினும், கிராணியிடமோ ஆசிரியரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்வதே வழக்கம். படித்தவரை நம்புதல் அன்று வாழ்க்கைத் தேவையாக இருந்தது. 1974-ஆம் ஆண்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணியைப் பேங்க் சிம்பானான் நேஷனல் ஏற்றது. 2000-ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் இணைய வங்கிச் சேவை பரவலாயிற்று. இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த சேமிப்பு, இன்று கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. ஆயினும், லயத்தை விட்டுப் பத்து பெரண்டாம் போன்ற இடங்களின் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த முதியவர் சிலரிடம், தாளை நீட்டிய அதே நம்பிக்கை கைப்பேசியை நீட்டும் பழக்கமாகத் தொடர்கிறது.

வஞ்சகர் இந்நம்பிக்கையையே குறி வைக்கின்றனர். காவல் துறை அதிகாரி என்றோ வங்கி அலுவலர் என்றோ தொலைபேசியில் அச்சுறுத்தி, எண்ணிப் பார்க்க இடந்தராமல் இரகசிய எண்ணைப் பெறுகின்றனர். போலிச் செயலியைக் கைப்பேசியில் பதியச் செய்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணைத் தாமே படித்துக் கொள்வதும் உண்டு. ஆகவேதான் 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தி வழி எண் அனுப்பும் முறையைக் கைவிட்டு, மேலும் உறுதியான முறைகளுக்கு மாறுமாறு வங்கிகளைப் பேங்க் நெகாரா பணித்தது. எனினும், பூட்டு எத்துணை வலியதாயினும், சாவியைக் கொடுத்துவிடும் கையை அது தடுக்க இயலாது.

தன் பணம் போனால் தனக்குத்தானே இழப்பு என்பாரும் உளர். அது முழு உண்மையன்று. நண்பருக்கு உதவி என எண்ணியோ, சில நூறு ரிங்கிட்டுக்கு ஆசைப்பட்டோ, தம் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைக்கும் இளைஞர் உண்டு. அக்கணக்கு, களவாடிய பணத்தைச் சுமக்கும் ‘கழுதைக் கணக்கு’ ஆகிறது. எங்கோ ஒரு மூதாட்டியின் ஆயுட்காலச் சேமிப்பு அதன் வழியே மறைந்துவிடுகிறது. தக்க காரணமின்றித் தம் கணக்கைப் பிறர் வசம் விடுவதைக் குற்றமாக்கும் பிரிவுகள் 2024-ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஆகவே, இரகசிய எண்ணைக் காப்பது தன்னலமன்று. பிறர் உடைமையையும் காக்கும் கடமையாகும்.

இனி நம்பிக்கையே தீதோ எனின், அன்று. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் ஒருங்கே கடிந்தவர் வள்ளுவர். ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் உணர்த்தும் அந்நெறி இன்றைக்கும் பொருந்தும். அழைத்தவர் சொல்லை ஏற்குமுன் தொலைபேசியை வைத்துவிட்டு, வங்கியின் சொந்த எண்ணுக்கு அழைத்துக் கேட்பது அவமதிப்பன்று, தெளிவு.

மறைக்கலாகாத ஒன்றும் உண்டு. அது இழப்பு. ஏமாந்தவர் பிள்ளைகள் ஏசுவர், ஊரார் நகைப்பர் என நாணி வாய்மூடி இருக்கும் ஒவ்வொரு நிமிடமும், பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுகிறது. உடனே வங்கிக்கோ, 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்னும் எண்ணுக்கோ தெரிவித்தால், மீட்க வழி பிறக்கலாம். நாணவேண்டியவர் வஞ்சித்தவரே, நம்பியவர் அல்லர்.

“அப்பா, அந்த எண்ணை என்னிடமும் சொல்ல வேண்டா, ஆனால், ஏதேனும் நேர்ந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்” என்று கூறும் மகனின் அன்பில் குறையொன்றும் இல்லை. மறைக்க வேண்டியதை மறைக்கவும், மறைக்கலாகாததை உரைக்கவும் இடமளிக்கும் இல்லத்தில் வஞ்சகர் எளிதில் நுழையார்.