புரட்டிப் பார், பிறகு பணம் கொடு

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் கறுக்காகுறிச்சியில் 1898ஆம் ஆண்டு ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரை, கடல் கடந்த பேரரசையே கட்டி ஆண்டவர்களின் முகங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணய அறிஞர் ஜி. எஃப். ஹில் அந்தக் காசுகளை ஆராய்ந்து எழுதினார். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு இருந்தது. தேய்ந்துபோன காசு இனிச் செல்லாது என்று குறியிட்டார்களா, உள்ளே தங்கம்தானா என்று சோதித்தார்களா? அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ரோமாபுரியே முத்திரை குத்தி அனுப்பிய தங்கத்தையும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளாமல், இது என்ன காசு, என்ன பெறும் என்று ஒரு கை தானே முடிவு செய்திருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே!

அந்தப் புதையல் கிடைத்த மாவட்டத்தில் பிறந்த நீ, கைப்பேசித் திரையில் "அரிய காசு, யூஎன்சி தரம், ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது" என்று யாரோ எழுதியதைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பணம் அனுப்புகிறாயே, ஏன்? யூஎன்சி என்றால் புழங்காத காசு. அந்தத் தரத்தைச் சொன்னவர் யார்? விற்கிறவர். அந்தத் தரத்தால் லாபம் யாருக்கு? அவருக்கே. உனக்குக் கண் இல்லையா? கை இல்லையா? உன் வீட்டில் விளக்கு இல்லையா?

கோபம் வருகிறது எனக்கு. ஏமாற்றுகிறவன் மேல் மட்டுமல்ல. "நமக்கு என்ன தெரியும், அவர்கள் பெரிய ஆட்கள்" என்று தலைகுனியும் அந்தப் பழக்கத்தின் மேல். இந்த மாவட்டத்துக்காரன் மாட்டுச் சந்தைக்குப் போனால் விற்பவன் சொன்ன வயதைக் கேட்டுக்கொண்டு நிற்பானா? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். அந்தத் துணிவு உன் ரத்தத்தில் இருக்கிறது. காசு விஷயத்தில் மட்டும் அதை எங்கே தொலைத்தாய்?

உன் ஊர்க் காசிலிருந்தே தொடங்கு. அம்மன் காசு. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட சின்னஞ்சிறு செப்புக் காசு. 20 காசு சேர்ந்தால் ஓரணா. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்ட காசு அது. முதலில் உள்ளூரிலேயே அடித்தார்கள். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1889 வாக்கில், பர்மிங்காம் நகரத்தின் ஹீட்டன் ஆலையில் இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் வந்தது. பின்னால் கல்கத்தா நாணயச் சாலையிலும் அடித்தார்கள். 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, காசின் கதையும் முடிந்தது.

இவ்வளவு தெரிந்தாலே உன் கையில் ஆயுதம் வந்துவிட்டது. அம்மன் காசில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. ஆகவே ஒருவர் "1892ஆம் ஆண்டு அம்மன் காசு" என்று துல்லியமாகத் தலைப்புப் போட்டால், "ஐயா, அந்த ஆண்டு காசில் எங்கே இருக்கிறது?" என்று கேள். 'விஜய' என்பதைப் பார்த்துவிட்டு "விஜயநகரப் பேரரசின் காசு" என்று ஒருவர் விற்க வந்தால், நீ திருத்து. இயந்திரத்தில் ஏராளமாக அடித்து, ஏழை வீட்டுச் செம்பிலும் கிடந்த காசு இது. "உலகில் பத்தே பத்து" என்கிறவருக்கு முன்னால் நீ வாயை மூடிக்கொண்டு நிற்கலாமா?

இப்போது ஒரு அம்மன் காசை விளக்கடியில் வை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றை எடு. கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்வது போன்றதே போதும். முதலில் அம்மனின் முகத்தையும் முழங்காலையும் பார். காசில் எது மேடாக இருக்கிறதோ அதுதான் முதலில் தேயும். அந்த மேடுகள் தட்டையாகி, செம்பு நிறம் சற்றே மாறி வழவழப்பாகத் தெரிந்தால் அந்தக் காசு பல கை பார்த்தது. அப்புறம் அது புழங்காத காசு, யூஎன்சி, என்று யார் சொன்னாலும் செல்லாது. அடுத்து, காசை விரலிடுக்கில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பார். அச்சிலிருந்து வந்த மேனியோடு இருக்கும் காசில் ஒளி ஓரிடத்தில் நிற்காது; பரப்பின் மேல் சுற்றிச் சுழன்று ஓடும். புளி போட்டோ பவுடர் போட்டோ துலக்கிய காசு பளபளக்கும், ஆனால் ஒளி ஓடாது, செத்த மினுக்கலாகக் கிடக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் முடி போன்ற கீறல்கள் தெரியும். செம்பு இளஞ்சிவப்பாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மயங்காதே. நூறாண்டில் செம்பில் படிந்த பழுப்புப் படிவம்தான் அதற்கு அழகு. அதைச் சுரண்டியவன் காசின் மதிப்பையும் சேர்த்துச் சுரண்டிவிட்டான். உன்னிடம் இருக்கும் காசையும் துலக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

கடைசியாக விளிம்பு. காசைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்று. நடுவே ஒட்டுப்போட்டது போல மெல்லிய வரம்பு ஓடுகிறதா? பரப்பில் ஊசி குத்தியது போன்ற நுண்ணிய குழிகள் இருக்கின்றனவா? அப்படியானால் அது உருக்கி வார்த்த போலியாக இருக்கலாம். படத்தில் விளிம்பைக் காட்டாதவரிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி விளிம்பைப் பற்றியதுதான்.

தரம் என்ற சொல்லுக்கு இவ்வளவு மரியாதை எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள். அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய செப்பு சென்ட் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் வகுத்தார். இன்று 60லிருந்து மேலே புழங்காத காசு. அதற்குக் கீழே புழங்கிய காசுக்கான தரங்கள்: எக்ஸ்எஃப் 40லிருந்து, விஎஃப் 20லிருந்து, ஃபைன் வெறும் 12. விற்பவர்கள் ஆளுக்கொரு தரம் சொல்லிச் சந்தை குழம்பியதால்தான், விற்பனையில் பங்கில்லாத மூன்றாம் ஆள் தரம் சொல்லும் நிறுவனங்கள் எழுந்தன. பிசிஜிஎஸ் 1986இல், என்ஜிசி 1987இல். காசைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து, எண் போட்டுத் தருகிறார்கள். கவனி, விற்பவர் சொல்லும் தரம் போதாது என்று அந்த நாட்டு வியாபார உலகமே ஒப்புக்கொண்டு நாற்பதாண்டாகப் போகிறது! நீ மட்டும் ஏன் இன்னும் அவர் எழுதிய சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாய்?

பிளாஸ்டிக் உறையைக் கண்டதும் கும்பிடவும் வேண்டாம். எந்தக் கடைக்காரரும் ஒரு உறை வாங்கித் தானே ஒரு எண்ணை ஒட்டிவிடலாம். பெரிய நிறுவனங்களின் உறையைப் போலவே போலி உறைகளும் உலவுகின்றன. அந்த நிறுவனங்களின் தளத்தில் உறை எண்ணைத் தட்டினால் விவரம் வரும், பல காசுகளுக்குப் படமும் வரும். கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டுப் பார். எண் மட்டும் பொருந்தினால் போதாது; காசு பொருந்த வேண்டும்.

வியாபாரிகள் எல்லோரும் கள்ளர்கள் என்று நான் சொல்லவில்லை. படத்தில் குறையைத் தாங்களே சுட்டிக்காட்டி, "இங்கே ஒரு வெட்டு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களைத் தேடிப் பிடி, விடாதே. அப்படிப்பட்டவர் உன் கேள்வியால் கோபப்பட மாட்டார். இவனுக்கு விஷயம் தெரிகிறது என்று மகிழ்வார்.

ஆனால் சில பொய்களை வாசலிலேயே விரட்டு. 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்து, "கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா" என்று விற்கிறார்களே, அவை காசே அல்ல. பிற்காலத்தில் அடித்த வில்லைகள். இந்தியா முழுமைக்கும் ஒரே நாணய முறையைக் கம்பெனி கொண்டுவந்ததே 1835இல்தான். 1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் அரிது என்பதால் 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள்; அந்த எண்ணைக் கண்ணாடியில் பார்க்காமல் வாங்காதே. 1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். புழங்கித் தேய்ந்தால் கொஞ்சம் குறையும். ஒன்பது கிராம் காட்டினால் அது வெள்ளி ரூபாய் அல்ல. ஒரு சின்ன மின்தராசு வாங்கி வை. விக்டோரியா ராணியே கண்ணடித்தாலும் தராசைத்தான் நம்ப வேண்டும்.

"நேற்றுத்தான் எங்கள் வயலில் உழும்போது கிடைத்தது" என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று. பொய்யாக இருந்தால் காசு போலியாக இருக்கலாம். உண்மையாக இருந்தால், தெரிவிக்காமல் விற்பது குற்றம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு தாண்டிய காசு தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உரிமம் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, தம்பி. கேட்காமல் இருப்பதுதான் உன்னை நீயே குறைத்துக்கொள்வது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. "உங்களிடம் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருக்கிறதா, வைஷ்ணவி தேவி காசு இருக்கிறதா, லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று ஒரு கூட்டம் அலைகிறது. ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டே கேட்கிறார்கள். அந்த வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது: பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலை எதிலும் தாங்கள் இல்லை, கட்டணமோ கமிஷனோ எவரிடமும் கேட்பதில்லை என்று. தங்கச்சி, உன் அப்பத்தா முந்தானையில் முடிந்து வைத்த நோட்டைக் காட்டி உன் சேமிப்பைப் பறிக்க எவனுக்கும் இடம் கொடாதே. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிடமே இணைய மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடு.

பொருள் வந்தாலும் துணிவு வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் இடைவெட்டு இல்லாமல் படம் எடு. சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் அன்றே எழுத்தில் தெரிவி, காசின் உறையைக் கிழிக்காமல் திருப்பி அனுப்பு. மறுத்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உன் பக்கம். விற்றவர் கொல்கத்தாவில் இருந்தாலும் நீ வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீ கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. ஐந்நூறு ரூபாய்தானே என்று விட்டுவிடாதே. ஐந்நூறுகளை விட்டுக்கொடுக்கிறவர்களை நம்பித்தான் அந்தக் கடை நடக்கிறது.

கண்ணைப் பழக்க உனக்குப் பள்ளிக்கூடம் வெகுதூரத்தில் இல்லை. சமஸ்தானம் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் நிற்கிறது. அறந்தாங்கியிலிருந்து வந்தாலும் பொன்னமராவதியிலிருந்து வந்தாலும் ஒரு பேருந்துப் பயணம். நாணயப் பெட்டிகள் முன்னால் நின்று, அவசரப்படாமல், ஒவ்வொரு காசிலும் எது தேய்ந்திருக்கிறது, எது நிற்கிறது என்று பார். உண்மையான காசை நூறு தடவை பார்த்த கண்ணை ஏய்ப்பது எளிதல்ல. தரம் சொல்லும் திறமை எவருக்கும் பிறவியில் வந்ததில்லை; பார்த்துப் பார்த்து வந்ததுதான். தரம் சொல்கிறவர்கள் பார்த்தார்கள். நீயும் பார்.

அப்புறம் இன்றிரவே, நீ ஆசைப்பட்டு வைத்திருக்கும் அந்தக் காசின் விற்பனையாளருக்கு எழுது. இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும் படம் வேண்டும். சாய்த்துக் காட்டும் காணொளி வேண்டும். தராசில் வைத்த எடை வேண்டும். இந்தத் தரம் நீங்கள் சொன்னதா, வேறொருவர் சொன்னதா, பிடிக்காவிட்டால் எத்தனை நாளில் திரும்ப எடுப்பீர்கள் என்று பதில் வேண்டும். நேராக எழுது, குழையாதே. "இன்னொருவர் கேட்கிறார், உடனே அனுப்புங்கள்" என்று அவர் அவசரப்படுத்தினால், அந்த இன்னொருவருக்கே கொடுத்துவிடச் சொல்.